புழுதிக்கு ஒரு பக்குவம், சகதிக்கு ஒரு பக்குவம்

கரிசல்காட்டில் ஐப்பசி மழை கொட்டுகிற நாளைவிட, மழை விட்ட மறுநாள்தான் சைக்கிளுக்குக் கெட்ட நாள். கோவில்பட்டியைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கிய சைக்கிள் ஐம்பதடி போவதற்குள் நின்றுவிடும். டயரில் ஒட்டிய மண் மட்காடுக்குள் ஏறும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் மண்ணை இழுத்துக்கொள்ளும். அதற்கடுத்த சுற்றில் சக்கரத்தையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறங்கித் தள்ளினாலும் நகராது. குச்சியை ஒடித்து மண்ணை நோண்டி எறிந்துவிட்டுப் பத்தடி போய், மறுபடி நோண்டி, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு புஞ்சைக்கு நடக்கிறவர்கள் இன்றும் உண்டு.

கொட்டும் மழையில் அவ்வளவாக ஒட்டாத மண் மறுநாள் இப்படி ஒட்டுவதற்குக் காரணம் அதிலுள்ள களி. கரிசல் மண்ணில் ஏறக்குறையப் பாதி களிமண். அதிலும் பெரும்பங்கு மாண்ட்மொரில்லோனைட் என்ற வகை. அதன் துகள் ஒவ்வொன்றும் நுண்ணிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும்; வெளியேறினால் சுருங்கி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒரு கிராம் மாண்ட்மொரில்லோனைட்டின் தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்ப முடிந்தால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். அத்தனை பரப்பிலும் தண்ணீர் படலமாகப் படிந்து, எதிரில் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. ஈரம் ரொம்பக் குறைந்தால் பற்றுவதற்குப் படலம் இல்லை. ரொம்பக் கூடினால் மண் குழம்பாகி வழிந்து போகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரத்தில்தான் பிசுக்கு உச்சத்தில் இருக்கும். மழை விட்ட மறுநாள் காட்டில் இருப்பது அந்த ஈரம்தான்.

இதே மண் வருடத்தின் மற்ற மாதங்களில் புழுதி. கோவில்பட்டி வட்டாரத்துக்குக் கிடைக்கும் மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடும். வானம் பார்த்த இந்தப் பூமிக்கென்றே 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பருத்திக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் இங்கே தனிப் பக்குவம் வேண்டும் என்பது அன்றே புரிந்திருந்தது. சைக்கிளுக்கும் அப்படி ஒரு தனிப் பக்குவம் வேண்டும் என்பது என் கட்சி. பராமரிப்பைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி குளிரும் ஈரமும் உள்ள நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே முதல் எதிரி துரு. நம் கடற்கரை ஊர்களிலும் உப்புக்காற்றால் அப்படித்தான். கரிசல் சீமையில் ஒன்பது மாதம் புழுதி, மூன்று மாதம் சகதி. இரண்டையும் சமாளிக்கக் கையும் கண்ணும் காதும், வீட்டில் ஒரு பம்பும், ஒரு பழந்துணியும், இரண்டு ஸ்பேனரும் போதும். கடைக்குப் போக வேண்டிய வேலை எது, வாசலிலேயே முடிக்கிற வேலை எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

காற்றிலிருந்து தொடங்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 48 கிலோ, பின் சக்கரத்தில் இறங்குகிறது. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருந்தால், அந்த 48 கிலோவைத் தாங்கத் தரையைத் தொட வேண்டிய பரப்பு வெறும் 15 சதுர சென்டிமீட்டர். கோவில்பட்டியில் செய்கிற தீப்பெட்டியின் மேல்முகம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் பரப்பு இரண்டு பங்காக விரியும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பங்கு ரப்பர் மடங்கி நிமிர வேண்டும். அதற்கான உழைப்பு மிதிக்கிறவர் காலிலிருந்துதான் போகிறது. ‘சைக்கிள் ரொம்பக் கனமா இருக்கு’ என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பாலானவை காற்றுக் குறைவுதான்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும். அளவுமானி இல்லாதவர்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அது முழுதும் நம்பக்கூடியதில்லை. டயர் துணி தடித்ததாக இருந்தால் காற்றில்லாமலும் கெட்டியாகத் தெரியும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின் டயர் தரையில் எவ்வளவு அமுங்குகிறது என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்றரை அங்குல டயர் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. அதற்கு மேல் அமுங்கினால் பம்பை எடுக்க வேண்டியதுதான். வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பஞ்சரே ஆகாத டியூபிலிருந்தும் காற்று குறையும். ரப்பரின் ஊடாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். பியூட்டைல் ரப்பர் டியூபில் இந்தக் கசிவு பல மடங்கு குறைவு என்றாலும், அறவே இல்லாமல் இருக்காது.

சித்திரை வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்ற பயம் இங்கே எல்லாருக்கும் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காலையில் 30 டிகிரியில் 45 பவுண்டு அடித்த டயர், உச்சிவெயிலில் 60 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 51 பவுண்டு ஆகும். ஆறு பவுண்டு கூடுவதால் நல்ல டயர் வெடிக்காது. வெடிப்பது ஏற்கெனவே பக்கச் சுவரில் நூல் தெரிகிற டயர். அல்லது சூட்டில் பசை இளகிப் பழைய ஒட்டு கழன்ற டியூப். ஆகவே கோடை பிறக்கும்போது காற்றைக் குறைப்பதால் பயனில்லை. டயரின் இரண்டு பக்கச் சுவர்களையும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு முறை முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. வெட்டு, வீக்கம், வெளியே தெரியும் நூல் எது கண்ணில் பட்டாலும் டயரை மாற்றிவிட வேண்டும்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் டயரைப் பற்றிப் பேச முடியாது. சீமைக்கருவேல முள் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும். வேலியோ கரையோ வெட்டிய பிறகு பாதை நெடுக அது சிதறிக் கிடக்கும். நெருஞ்சி இன்னொரு வகைத் தொல்லை. அதன் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முட்கள் வேறுவேறு திசையில் நிற்பதால், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே இருக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்குப் போய்ப் பரவிய நெருஞ்சி அங்கேயும் சைக்கிள்காரர்களைப் படாதபாடு படுத்துகிறது.

‘காத்து நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி’ என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளையிடம், அனுபவமுள்ள கடைக்காரர் எடுத்த எடுப்பில் டயரைக் கழற்ற மாட்டார். ‘பொறு தாயி’ என்று சொல்லிவிட்டு, வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பார்ப்பார். குமிழ் வந்தால் பஞ்சரே இல்லை. உள்ளிருக்கும் வால்டியூப் கிழிந்திருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பர்த் துண்டு சூட்டில் சீக்கிரம் உளுத்துப்போகும். அதை மாற்ற இரண்டு நிமிடம் ஆகும், கருவி எதுவும் வேண்டாம். பள்ளிப் பையில் இரண்டு வால்டியூப் கிடந்தால் பாதி ‘பஞ்சர்’ வழியிலேயே தீரும்.

உண்மையான பஞ்சர் என்றால் ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். தரைப் பக்கம் ஒற்றை ஓட்டை இருந்தால் முள். அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் காற்றில்லாமல் ஓட்டி, கல்லில் ஏறி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை இருந்தால் ஸ்போக் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம்மின் உள்நாடா விலகியிருக்கும். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தில் கொஞ்சம் பஞ்சைச் சுருட்டிச் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். முள்முனை எங்கே ஒடிந்து நின்றாலும் பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும், விரலும் கிழியாது. இந்த ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. இதைச் செய்யாமல் ஒட்டிய டியூப், அதே முள்ளால் அன்று மாலையே மறுபடி பஞ்சராகும். இன்னொன்று, சொல்யூஷன் தடவியதும் ஒட்டைப் போட்டு அமுக்கிவிடக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, பளபளப்பு அடங்கிய பிறகுதான் ரப்பரும் ரப்பரும் பிடிக்கும். ஈரத்தோடு ஒட்டினால் அடியில் கரைப்பான் சிக்கி, வெயில் பட்டதும் ஒட்டு எழும்பிவிடும்.

அடுத்தது செயின். புழுதியின் சேதம் முழுக்கத் தெரிகிற இடம் இதுதான்.

‘செயின் நீண்டுபோச்சு’ என்று சொல்கிறோம். செயினின் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் அதைச் சுற்றியுள்ள உறையும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவுத் தேய்மானம், நூறு கண்ணிக்கு மேல் சேரும்போது நீளமாகத் தெரிகிறது. இதை வீட்டு ஸ்கேலால் அளந்துவிடலாம். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் இடைவெளி அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, இருபத்து நான்காவது கண்ணியின் பின் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 12 அங்குலத்தைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் போயிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால், நீண்ட செயின் சக்கரத்துப் பல்லையும் தன் அளவுக்குத் தின்றுவிடும். பிறகு செயினோடு முன்பல்சக்கரம், ஃப்ரீவீல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

தேய்ப்பது எது? கரிசல் களியே ரொம்ப மென்மையானது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் வைரம் 10 என்றால், மாண்ட்மொரில்லோனைட் 1க்கும் 2க்கும் நடுவில்தான் வரும். அதனால் எஃகைக் கீற முடியாது. கரிசலில் கலந்து கிடக்கும் சுக்கான்கல் துகள் 3. ஆனால் அதே புழுதியில் பறந்து வரும் குவார்ட்ஸ் மணல் 7. செயினின் எஃகைக் கீறுவது அதுதான். களி செய்கிற வேலை வேறு: எண்ணெயோடு குழைந்து பசையாகி, மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆடிக்காற்று அடிக்கிற மாதங்களில் இந்தச் சேர்க்கை தினமும் நடக்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுதான் காட்டுப் புழுதியைச் செயினுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பேராசிரியரின் குழு சைக்கிள் செயினைச் சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தது. செயின் 98.6 சதவீதம் வரை ஆற்றலைக் கடத்தியது. அழுக்கே இல்லாத அந்தச் சூழலில், எண்ணெய் இருந்ததா இல்லையா என்பது ஆற்றல் இழப்பில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அப்படியானால் எண்ணெய் எதற்கு? பின்னுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடத்தை அடைத்துக்கொண்டு, அழுக்கு உள்ளே வராமல் பார்ப்பதே அதன் முக்கிய வேலை என்பது அவர்கள் கருத்து. கரிசல்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி முடிவு இருக்க முடியாது. எண்ணெய் இருக்க வேண்டிய இடம் கண்ணியின் உள்ளே. வெளியே வழிகிற எண்ணெய் புழுதிக்கு வைத்த பொறி.

ஆகவே செயினுக்குச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பழந்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்புப் பசை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, வெளியே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். தொட்டால் விரலில் ஈரம் தெரியலாம், கறை ஒட்டக் கூடாது. செயின் கவர் முழுதாக மூடிய சைக்கிள் என்றால் பின்பக்க மூடியைக் கழற்றி, அந்தச் சந்தில் தெரிகிற கண்ணிகளுக்கு விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றி மீதிக்கும் விடலாம். கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில், நனைந்து வந்த ஒவ்வொரு நாளும் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை எண்ணெய்.

எந்த எண்ணெய் என்பதிலும் என் முடிவு உறுதியானது. தையல் மிஷின் ஆயில் நல்லது. எல்லாக் கடையிலும் கிடைக்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், அதோடு இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம். சமையல்கட்டு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டவே வேண்டாம். அவை காற்றோடு வினைபுரிந்து நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மோட்டார் பட்டறையிலிருந்து வாங்கி வரும் கழிவு ஆயிலில் கரியும் உலோகப் பொடியும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைச் செயினுக்கு விடுவது காசு கொடுக்காமல் தேய்மானத்தை வாங்குவது. ஒரே விதிவிலக்கு விளக்கெண்ணெய். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து மை போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் உலோகத்தை விடாமல் பற்றும் தன்மையுள்ளது. வண்டி அச்சுக்கு அது கெட்டிக்காரத்தனமான தேர்வு. சைக்கிள் செயினின் நுண்ணிய சந்துகளுக்கோ அது தடிப்பு அதிகம்.

செயினின் தொய்வையும் அப்போதே பார்த்துவிடலாம். நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதைவிடத் தொங்கினால் செயின் கழலும். விறைத்து நின்றால் பேரிங்கைத் தின்னும்.

பிரேக்கைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளாமல், பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். லீவரை முழுக்கப் பிடித்த நிலையிலும் அதற்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது அல்லது கம்பி தளர்ந்திருக்கிறது. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் அதைத் தளர்த்தியே வைத்திருப்பவர்கள் நிறைய. பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழகினால் குப்புற விழ வாய்ப்பில்லை.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். காய்ந்த ரிம்மில் சுமாரான பிரேக் இருந்தால் மூன்று மீட்டரில் நிற்கும். பிடிப்பு மூன்றில் ஒரு பங்கானால் ஒன்பது மீட்டர் ஓடும். குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கரிசல் சகதி பூசியிருந்தால் இன்னும் மோசம். மதுரை–திருநெல்வேலி நாற்கரச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஆறு மீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. மழைநாளில் சாலை வருவதற்கு வெகுமுன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளப் பழக்க வேண்டும். பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் மணலை மாதம் ஒருமுறை ஊசிமுனையால் நோண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் அது ரிம்மை அறுக்கும்.

சக்கரக் கம்பிகளுக்கு வருவோம். பழைய கட்டுறுதியான சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40. பின்னால் எட்டுக் கம்பி கூடுதலாக வைத்ததற்கான நியாயத்தைக் கரிசல் கிராமத்துக் குடிதண்ணீர்க் குழாயடியில் பார்க்கலாம். கேரியரின் இரண்டு பக்கமும் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் குடங்கள். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் நான்கு குடத்தில் 60 கிலோ. ஓர் ஆளையே கேரியரில் ஏற்றியதற்குச் சமம். அந்தப் பாரம் முழுவதும் பின் சக்கரத்தில்.

கம்பி பாரத்தை நின்று தாங்குவதாகத்தான் தோன்றும். உண்மையில் எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் உருளும்போது தரைக்கு நேர்மேலே வரும் கம்பியின் இழுவை மட்டும் குறைகிறது. மேலே போனதும் பழைய இழுவைக்குத் திரும்புகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 தடவை சுற்றும். தினம் 10 கிலோமீட்டர், வருடத்தில் 200 நாள் என்று கணக்கு வைத்தால், ஒவ்வொரு கம்பியும் 9 லட்சம் தடவை தளர்ந்து இறுகுகிறது. கம்பி நல்ல இறுக்கத்தில் இருந்தால் இது ஒரு பொருட்டில்லை. தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தொய்ந்து, ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில் ஆடி, உலோகம் அலுத்து அங்கேயே ஒடியும். இறுக்கத்தால் ஒடிந்தது என்று நினைப்போம். தளர்ச்சியால்தான் பெரும்பாலும் ஒடிகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் காது போதும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டு போங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்று செத்த ஒலி தருவது தளர்ந்த கம்பி. அதற்குச் சுண்ணாம்பால் குறி வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கோட்டம் எடுப்பது அனுபவக் கை வேண்டிய வேலை. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்க் கம்பியைக் கவனிக்க வேண்டும், வீட்டில் செய்து பார்த்தால் சக்கரம் எட்டாகிவிடும். தண்ணீர்க் குடம் ஏற்றும் சைக்கிளுக்குப் பின் டயரில் காற்றை, டயரில் போட்டிருக்கும் உச்ச அளவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங் சோதனை சுருக்கமானது. ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரியக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்துப் பகுதியில் ‘டக்’ என்று அடித்தால் அங்கே தளர்ந்திருக்கிறது. வெடிப்பு விட்ட காட்டுப்பாதையில் முன் சக்கரம் இறங்கி இறங்கி ஏறுவதால் இந்தப் பக்கத்துச் சைக்கிள்களில் இது சீக்கிரம் வரும். ஆட்டத்தோடு ஓட்டினால் உள்ளேயுள்ள பால்ஸ் கிண்ணத்தைக் குழி பறித்துவிடும். கிரீஸ் வைத்து ஓவராயில் செய்வது கடை வேலை. வருடம் ஒருமுறை என்றால் மழை முடிந்த தை மாதம் சரியான சமயம். மழையில் உள்ளே போன களியும் தண்ணீரும் அப்போதுதான் வெளியே வரும். சாலையில் சோளத்தட்டையும் உளுந்துச்செடியும் காயப் போடுகிற காலத்தில் ஹப்பின் ஓரத்தில் நாரும் நூலும் சுற்றியிருக்கும். வாரம் ஒருமுறை அதை உருவி எடுக்க வேண்டும். ஆக்சில் நட்டு, சீட்டு நட்டு, ஹேண்டில் நட்டு மூன்றும் மாதம் ஒருமுறை ஸ்பேனர் பட வேண்டியவை. பெடலில் மட்டும் ஒரு கவனம்: இடது பெடலின் மரை எதிர்த்திசை, இறுக்க வேண்டுமானால் வழக்கத்துக்கு மாறாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் வம்படியாகத் திருகினால் கிராங்கே போய்விடும்.

கழுவுவதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். சகதியோடு வந்த சைக்கிளைத் தண்ணீர்ப் பீய்ச்சலுக்குக் காட்டக் கூடாது. குழைந்த களி தண்ணீரோடு ஹப்புக்குள்ளும் கழுத்துக்குள்ளும் போய்விடும். பிரேக்குக்கும் மட்காடுக்கும் நடுவிலுள்ளதை மட்டும் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் எடுத்துவிட்டு, மற்றதைக் காய விடுங்கள். காயும்போது இந்த மண் சுருங்கும். சுருங்கினால் பிடி விடும். தட்டினால் ஓடு ஓடாக உதிரும். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழை நாளில் வழிமறித்த அதே குணம், காய்ந்த பிறகு நமக்கு உதவுகிறது.

தமிழ்நாட்டில் சைக்கிள் வெறும் வாகனமாக மட்டும் இருந்ததில்லை. 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 2001–02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005–06இல் அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் 11ஆம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாயின் பிள்ளை, பஸ் வராத ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வருவதற்கு அந்தச் சைக்கிள்தான் துணை. அது காற்றில்லாமல் மாட்டுத்தொழுவில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதை வைத்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பள்ளிக்கு ஒரு நின்றடிக்கும் பம்பு, நான்கைந்து ஸ்பேனர், ஒரு டப்பா தையல் மிஷின் ஆயில், கொஞ்சம் வால்டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான். புரட்டாசியில் மழை இறங்குமுன் ஒரு நாளும், தையில் ஒரு நாளும், ஒரு மணி நேரம். ஊரிலுள்ள சைக்கிள் கடை அண்ணாச்சியை அழைத்து வந்து, பிள்ளைகள் கையாலேயே செய்ய வைத்தால் இயற்பியல் பாடத்தில் அழுத்தமும் உராய்வும் அன்றைக்கே புரிந்துவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துத் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் இந்தப் புரட்டாசியிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.